தூக்கிச் சாத்தும் கதவு

எங்கள் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக் கதவைச் சாத்த ஒரு தனி முறை இருந்தது. கதவின் பின்விளிம்பைப் பிடித்து, லேசாக மேலே தூக்கி, தூக்கியபடியே உள்ளே தள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. புதிதாக வண்டியில் ஏறுபவர்களுக்குத்தான் ஒவ்வொரு முறையும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க" என்றால், அவர்கள் பலமாக அடித்துச் சாத்துவார்கள். கதவு 'டங்' என்று மோதித் திரும்பி வந்து நிற்கும்.

இதில் என் பங்கும் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், கதவு முதன்முதலாக இடித்தபோது, நான் ஸ்ட்ரைக்கரை இறக்கி வைத்தேன். கதவைத் திறந்தால் எதிரே, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று தெரியுமே, அதுதான் ஸ்ட்ரைக்கர். கதவின் விளிம்பில் இருக்கும் லாக் போய்க் கவ்வுவது அதைத்தான். அதன் திருகுகளைத் தளர்த்தினால் மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகரும். கதவு இறங்கிவிட்டதா, சரி, அது கவ்வ வேண்டிய கம்பியையும் இறக்கிவிடுவோம் என்பது என் கணக்கு. 3 மி.மீ. இறக்கினேன். பத்து நிமிட வேலை. கதவு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சாத்தியது. அன்று முழுக்க என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் மறுபடி இடிக்க ஆரம்பித்தது. இந்த முறை ஸ்ட்ரைக்கரை இறக்க இடம் இல்லை, துளையின் அடிவரை வந்துவிட்டது. போதாக்குறைக்கு, வேகமாகப் போனால் கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையில் விசில் மாதிரி ஒரு காற்றுச் சத்தம். மழை பெய்தால் அதே மூலையில் ஒரு சொட்டு. பல்வலிக்குக் கன்னத்தில் தைலம் தடவியவன் கதைதான். கதவு இடிப்பது பின்விளிம்பில், ஆனால் கோளாறு இருப்பது முன்விளிம்பில், கீலில். அதைத் தொடாமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் எதையும் கழற்றவில்லை. கதவை மூடி வைத்து, சுற்றியுள்ள இடைவெளிகளை மட்டும் அளந்தேன். அளக்கத் தனிக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. ட்ரில் பிட் பெட்டியை எடுத்துவந்து, பிட்டின் வழவழப்பான பின்தண்டை இடுக்கில் நுழைத்துப் பார்த்தேன். 4 மி.மீ. பிட் நுழைந்து 5 நுழையாவிட்டால் அங்கே இடைவெளி நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். இதைவிடச் சுலபமான அளவுகோல் கிடையாது.

ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) கதவுக்கும் நடுவில், கீழே 4 மி.மீ., மேல் கீல் இருக்கும் உயரத்தில் 6. பின்கதவுப் பக்கம் போனால் இதற்கு நேர்மாறு: கண்ணாடி தொடங்கும் உயரத்தில் 2 மி.மீ. பிட்டே திணறித்தான் நுழைந்தது. இரண்டு கதவுகளின் மேலும் ஓடும் மடிப்புக்கோடு ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். முன்கதவில் அது, பின்கதவு தொடங்கும் இடத்தில், 5 மி.மீ. படி இறங்கியிருந்தது. மறுபக்கத்துக் கதவிலும் இதே இடங்களை அளந்து வைத்துக்கொண்டேன். எது சரியான அளவு என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கே எல்லா இடத்திலும் நான்கு, நான்கரை.

இந்த எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. கதவு முழுசாகக் கீழே இறங்கியிருந்தால் முன் இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல இருந்திருக்கும். இங்கே மேலே மட்டும் விரிந்திருக்கிறது. அப்படியென்றால், கதவு கீழ்க் கீலை மையமாக வைத்துப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேல் கீல் விட்டுக்கொடுக்கிறது.

உறுதி செய்துகொள்ள மகளைக் கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கித் தூக்கி விட்டேன். அவள் டார்ச் அடித்துக் கீல்களைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று: கீலின் நடுவில் அச்சாக இருக்கும் இரும்புத் தண்டு, அதாவது 'பின்', அதன் துளைக்குள் ஆடுகிறதா, கீல்தகடு போல்ட்டோடு சேர்ந்து முன்தூணின் மேல் நகர்கிறதா, இல்லை தூணின் தகடே நெளிகிறதா.

"அப்பா, கீழ இருக்கிறது சும்மா இருக்கு. மேல இருக்கிறதுதான் ஆடுது."

"தகடு ஆடுதா, நடுவுல இருக்கிற பின் ஆடுதா?"

"பின்தான். நீங்க தூக்கும்போது உள்ள போகுது, விடும்போது வெளிய வருது. நாக்கை நீட்டுற மாதிரி இருக்கு."

தூணின் தகடு நெளிந்தாலோ, போல்ட்டைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ, அங்கேயே ஸ்பேனரைக் கீழே வைத்திருப்பேன். அது வெல்டிங்கும் டிங்கரிங்கும் தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை. போல்ட் தளர்ந்திருந்தால் இன்னும் சுலபம்: கதவை இடத்துக்குத் தூக்கி இறுக்கிவிட்டால் முடிந்தது. என்னுடையது நடுத்தரம். பின்னும் அது சுழலும் பித்தளை வளையமான புஷ்ஷும் தேய்ந்துவிட்டன.

ஏன் மேல் கீல் மட்டும்? கதவு திறந்திருக்கும்போது அதன் எடை முழுவதும் இரண்டு கீல்களில் தொங்குகிறது. கீழ்க் கீலைத் தூணோடு அழுத்துகிறது, மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. கண்ணாடி, அதைத் தூக்கும் மோட்டார் எல்லாம் சேர்ந்து என் கதவு 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எடையின் மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி, கீல்களுக்கு நடுவே 40 செ.மீ. அப்படியானால் மேல் கீலைப் பிடுங்கும் விசை கிட்டத்தட்ட 31 கிலோ. இது கதவு தானாகத் தொங்கும்போது. இப்போது ஒருவர் இறங்கும்போது கதவின் பின்விளிம்பைப் பிடித்து 20 கிலோ அளவுக்கு ஊன்றி எழுகிறார் என்றால்? நெம்புகோல் நீளம் ஒரு மீட்டர். மேல் கீலில் கூடுதலாக 50 கிலோ ஏறும்.

அந்த இருக்கையில் எப்போதும் உட்காருபவர் என் அம்மா. முழங்கால் வலி. கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதன்பிறகு காரிலேயே ஏறமாட்டார்.

இதே நெம்புகோல் சரி செய்யும்போதும் வேலை செய்கிறது. 40 செ.மீ. கீல் இடைவெளிக்கு 100 செ.மீ. கதவு என்றால், மேல் கீலில் 1 மி.மீ. நகர்ந்தால் பின்விளிம்பில் 2.5 மி.மீ. ஏறும். எனக்கு 5 மி.மீ. இறக்கம், அதாவது கீலில் வெறும் 2 மி.மீ. தேய்மானம். முன் இடைவெளி 4 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருந்ததும் இதே 2 தான். இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒத்துப்போனதும் மனசுக்கு ஒரு நிம்மதி. கழற்றுவதற்கு முன்னால் இந்த நிம்மதி கிடைத்துவிட வேண்டும்.

சில வண்டிகளில் பின்னையும் புஷ்ஷையும் மட்டும் தட்டி எடுத்துப் புதிது போடலாம். சிலவற்றில் கீல் தூணோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும், நகர்த்தவே முடியாது. என் வண்டியில் கீலின் பின் இரண்டு முனையிலும் அடித்துப் பரப்பப்பட்டிருந்தது, அதைத் தட்டி எடுக்க வழியில்லை. ஆனால் கீல் மொத்தமும் போல்ட்டில்தான் நிற்கிறது: தூணில் இரண்டு, கதவில் இரண்டு. எனவே மேல் கீலை முழுசாக மாற்றுவது என்று முடிவு. கீலின் நடுவே மரக்கட்டையை வைத்துக் கதவை அழுத்தி, கீலை வளைத்துச் சரிசெய்யும் ஒரு குறுக்குவழி உண்டு. தொழில் தெரிந்தவர் கையில் அது வேலை செய்யும். ஆனால் தேய்ந்த பின்னை வைத்துக்கொண்டு தகட்டை வளைப்பதும், நான் ஸ்ட்ரைக்கரை இறக்கியதும் ஒன்றுதான்.

புதுக் கீல் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு, வேலை ஆரம்பம். கதவுக்குள் ஓடும் வயர்களில் ஏர்பேக் சம்பந்தப்பட்டவையும் இருக்கலாம் என்பதால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்தேன். பின்கதவின் முன்விளிம்பில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினேன், இடித்தாலும் பெயின்ட் போகாமல் இருக்க. ஃபெண்டரின் விளிம்பிலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ட்ரைக்கரை முதலில் கழற்றிவிட்டேன். அது இருக்கும்வரை கதவு உண்மையில் எங்கே தொங்குகிறது என்று தெரியாது, சாத்தும்போது அதுவே கதவை ஒரு பக்கம் இழுத்துவிடும். நட்சத்திரத் தலைத் திருகுகள், டி-40 அளவு. பிட்டைத் தலைக்குள் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி முழுசாக இறக்கிய பிறகுதான் திருப்பினேன். இல்லாவிட்டால் நுனி மட்டும் பிடித்துத் தலை வழுக்கிவிடும், அப்புறம் அந்தத் திருகோடு ஒருநாள் போகும். கழற்றியதும் தூணில் பெயின்ட்டின் மேல் ஒரு நிழல் தெரிந்தது. ஸ்ட்ரைக்கர் புதிதில் இருந்த இடம், அழுக்குப் படியாமல் பளிச்சென்று. நான் இறக்கி வைத்த இடம் அதற்கு 3 மி.மீ. கீழே. இந்த நிழல் பின்னால் ரொம்ப உதவியது.

அடுத்து செக் ஸ்ட்ராப். கதவு நின்று நின்று திறப்பதும், ஒரு அளவுக்கு மேல் திறக்காமல் தடுப்பதும் அந்தப் பட்டைதான். மேல் கீலுக்கு ஸ்பேனர் போக அது வழியில் நின்றது. தூணில் இருந்த ஒரே போல்ட்டைக் கழற்றினேன்.

கழற்றிவிட்டு, ஜாக்கை எடுக்கத் திரும்பினேன். கதவைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. ஒரு காற்று. அவ்வளவுதான். தடுக்கப் பட்டை இல்லாத கதவு முழு வீச்சில் திறந்துகொண்டு, முன்விளிம்பு ஃபெண்டரில் போய் முத்தமிட்டது. சத்தம் சின்னதுதான், நகம் சொடுக்கின மாதிரி. ஃபெண்டரின் விளிம்பில் அரிசி அளவுக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. டேப் ஒட்டாத அதே விளிம்பு. செக் ஸ்ட்ராப்பைக் கழற்றும் முன் ஜாக்கை வைக்க வேண்டும், ஒருவர் கதவைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சக்கரம் வைத்த ஜாக்கைக் கதவின் அடியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மேலே ஒரு பலகை, பலகைமேல் நான்காக மடித்த பழைய துண்டு. கதவின் எடையை ஜாக் ஏந்தும்வரை மெதுவாக ஏற்றினேன். போதுமான அளவு ஏந்திவிட்டதா என்று தெரிய, மேல் கீலின் பின்னில் விரலை வைத்துக்கொண்டே ஏற்றினேன். ஒரு கட்டத்தில் பின் 'டிக்' என்று உள்ளே போனது விரலில் தெரிந்தது. அங்கே நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து மகள் மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே வைத்த டார்ச்சை எடுக்க இருக்கையில் உட்காரப் போனாள். "ஏறாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள். ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி இறங்கும். கதவு மட்டும் ஜாக்கில் அப்படியே நிற்கும். வித்தியாசம் முழுவதும் கீல்களில் விழும்.

நுனி மெலிந்த மார்க்கரால் கீலின் இரண்டு தகட்டையும் சுற்றிக் கோடு போட்டேன், தூணிலும் கதவிலும். பிறகு போல்ட்டுகள். 12 மி.மீ. தலை. தொழிற்சாலையில் கீல் மாட்டிய பிறகுதான் மொத்த உடலுக்கும் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் போல்ட்தலையும் தகடும் ஒரே படலமாக ஒட்டியிருக்கும். முதல் திருப்பலில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், போல்ட் உடைந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். உடைவது பெயின்ட்தான். தூண் பக்கத்து மேல் போல்ட்டுக்கு நேரான ஸ்பேனர் போகவில்லை. கழுத்து வளைந்த ரிங் ஸ்பேனரில், ஒரு தடவைக்குக் கால்வாசித் திருப்பாக, அது ஒன்றுக்கே இருபது நிமிடம் ஆனது.

கையில் வந்த பழைய கீலை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு தகடும் 'லொடலொட' என்றன. புஷ்ஷின் ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது, எதிர்ப்பக்கம் புத்தம் புதுசு. வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டது. பின்னில் நகத்தால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. எடை இழுக்கும் திசையில் மட்டும் தேய்ந்திருக்கிறது, ஒரு மயிரிழை விலகாமல்.

புதுக் கீலைக் கோட்டுக்குள் உட்காரவைத்து, நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றினேன். கையால் நாலு சுற்று ஏறாத போல்ட் கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், ஸ்பேனரைத் தொடவே கூடாது. கதவுப் பக்கத்துப் போல்ட்டுகளைக் கோட்டின்மேலேயே வைத்து இறுக்கினேன். என் வண்டியில் கதவு உள்ளே வெளியே நகர்வது அந்தப் பக்கத்தில்தான், அது ஏற்கெனவே சரியாக இருந்தது, எனக்கு அதோடு சண்டையில்லை. மேல் கீழ், முன் பின் எல்லாம் தூண் பக்கத்தில். அவற்றை அரைகுறையாக இறுக்கி, ஜாக்கை இறக்கி நகர்த்திவிட்டுக் கதவை மெதுவாக, கையால் பிடித்தபடி மூடிப் பார்த்தேன்.

மடிப்புக்கோடு 1 மி.மீ. கீழே.

ஜாக்கில் இருந்தபோது கண்ணளவில் நேராகத்தான் தெரிந்தது. எடை ஏறியதும் கதவு கொஞ்சம் படிகிறது. தகடு, புஷ், ரப்பர் எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. சரி, படியும் அளவைச் சேர்த்தே தூக்க வேண்டும். மறுபடி ஜாக்கை வைத்து, மேல் கீலின் தூண் பக்கத்து இரண்டு போல்ட்டை மட்டும் ஒரு சுற்றுத் தளர்த்தினேன். கீழ்க் கீலைத் தொடவில்லை. அது சுழலும் மையமாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கதவு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. ஜாக்கை இப்போது பின்விளிம்புக்குக் கிட்டே நகர்த்தி, பின்விளிம்பு முன்பு நின்ற உயரத்தைவிட இரண்டரை மில்லிமீட்டர் ஏறும்வரை ஏற்றினேன். அதாவது வேண்டியதற்கு ஒன்றரை கூடுதல். அளக்க, பின்விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஸ்கேலை நிற்கவைத்திருந்தேன். கீல்தகடு மார்க்கர் கோட்டைத் தாண்டி முன்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். நகர்ந்ததா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான், கோட்டின் தடிமன்கூட இல்லை. இறுக்கினேன். ஜாக்கை எடுத்தேன். மூடினேன்.

கோடு நேராக இருந்தது. விரல்நுனியால் பின்கதவிலிருந்து முன்கதவுக்குத் தடவினால் படி தெரியவில்லை. மகளையும் கண்ணை மூடித் தடவச் சொன்னேன். "எங்க முடியுது ஒரு கதவுன்னு இடுக்கு வந்தாத்தான் தெரியுது" என்றாள். ட்ரில் பிட் போட்டுப் பார்த்ததில் முன்னால் கீழே 4, மேலே நாலேகால். பின்னால் 4. போதும். அதற்குமேல் நோண்டினால் கெடும்.

போல்ட்டுகளைக் கடைசியாக, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், அந்தந்த வண்டியின் பழுதுபார்க்கும் கையேட்டைப் பார்த்துக்கொள்வதே சரி.

ஸ்ட்ரைக்கர் பழைய நிழலுக்குள்ளேயே திரும்பிப் போனது. திருகுகளைப் பாதி இறுக்கி, கம்பியைச் சுற்றி மகளின் விளையாட்டுக் களிமண்ணை மெல்லிசாக ஒட்டினேன். கதவை லாக் பிடிக்காத அளவுக்கு, தொட்டும் தொடாமலும் சாத்தித் திறந்தால், லாக்கின் வாய் எங்கே தொடுகிறது என்று களிமண்ணில் பதியும். பதிவு நடுவுக்குச் சற்று மேலே. ஸ்ட்ரைக்கரைத் துளி ஏற்றினேன். இரண்டாவது பதிவு நட்டநடுவில். களிமண்ணைத் துடைத்து எடுத்து, திருகுகளை முழுசாக இறுக்கினேன். விபத்தில் கதவைத் திறக்கவிடாமல் பிடித்திருப்பது அந்த இரண்டு திருகுகள்தான், அங்கே கஞ்சத்தனம் கூடாது. கதவு சாத்தும்போது இரண்டு 'க்ளிக்' கேட்க வேண்டும். முதலாவது பாதிப் பிடிப்பு, இரண்டாவதுதான் முழுப் பிடிப்பு.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் எல்லா இடத்திலும் அமர்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்தேன். சுற்றிலும் பத்து இடத்தில். விசிலடித்த மேல்மூலையில் முன்பு காகிதம் சும்மா வந்திருக்கும். இப்போது இறுகப் பிடித்துக்கொண்டது, கிழியும்போலத்தான் வந்தது. ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தோம். சொட்டு இல்லை. போல்ட்தலைகளிலும் ஃபெண்டரின் அந்த அரிசி அளவுக் காயத்திலும் டச்-அப் பெயின்ட் வைத்தேன். பெயின்ட் உடைந்த இடத்தை அப்படியே விட்டால் துரு பிடிக்கும். செக் ஸ்ட்ராப்பை மாட்டி, கிரீஸ் தடவி, பேட்டரியை இணைத்தேன். புதுப் பின்னுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். பழைய பின்னுக்கு இத்தனை வருடத்தில் ஒரு சொட்டும் விட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாலையில் அம்மாவை ஒரு சுற்று கூட்டிப்போனேன். விசில் இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. திரும்பி வந்து, வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வழக்கம்போலப் பின்விளிம்பில் கையைக் கொடுத்துத் தூக்கினார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை, இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? தூக்கவே முடியல, எப்படிச் சாத்துறது?"